எல்லாத்துக்கும் கேப்பிடல் போட்டா முடிஞ்சுதா? ஒரு ஆன்லைன் கிராமர் கோர்ஸோட ப்ராப்பர் அட்ஜெக்டிவ் யூனிட் ரிவ்யூ

தமிழ்ல விளக்கி இங்கிலீஷ் கிராமர் சொல்லித் தர்ற ஒரு ஆன்லைன் கோர்ஸ், வீடியோ, ஆடியோ, குவிஸ், பிடிஎஃப்னு எல்லாம் சேர்ந்த பேக்கேஜ், காசு கட்டித்தான் எடுத்தேன். பேரு போடல, விளம்பரமும் வேணாம் வம்பும் வேணாம். மொத்த கோர்ஸையும் இங்க அலசப் போறதில்ல, டென்ஸ், ஆர்ட்டிகிள், ஆக்டிவ் வாய்ஸ் பேசிவ் வாய்ஸ் எல்லாம் எல்லாரும் சொல்லித் தர்றதுதான், அதுல இவங்க மோசமும் இல்ல பிரமாதமும் இல்ல. நான் எழுத வந்தது ப்ராப்பர் அட்ஜெக்டிவ்ங்கற ஒரே ஒரு யூனிட்டைப் பத்தி. ஒரு கிராமர் கோர்ஸ் உருப்படியா இல்லையான்னு பாக்கணும்னா யாரும் பெருசா கண்டுக்காத இந்த மாதிரி ஓரத்து டாபிக்கை எப்படி எடுத்திருக்காங்கன்னு பாத்தாலே தெரிஞ்சுடும், ஏன்னா அங்கதான் ஆளுங்க ரெண்டு ஸ்லைடைப் போட்டுட்டு எஸ்கேப் ஆவாங்க.

இவங்க எஸ்கேப் ஆகல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா யூனிட்டோட பாதி வரைக்கும் வேற ஆள் எழுதின மாதிரியும் மீதி பாதி வேற ஆள் எழுதின மாதிரியும் இருக்கு.

விளக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு. ஒரு குறிப்பிட்ட ஆளு, ஊரு, நாடு, மதம், இப்படி எதோட பேராவது இருந்தா அது ப்ராப்பர் நவுன், அந்தப் பேர்ல இருந்து கிளம்பி வந்து இன்னொரு நவுன் எப்படிப்பட்டதுன்னு சொன்னா அது ப்ராப்பர் அட்ஜெக்டிவ். ஃப்ரான்ஸ்னா நவுன், ஃப்ரெஞ்ச் அட்ஜெக்டிவ். விக்டோரியா ராணியோட பேரு, விக்டோரியன்னா அவங்க ஆண்ட 1837-லேர்ந்து 1901 வரைக்குமான காலத்தைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். நவுனுக்கு முன்னாடிதான் வரணும்னு இல்ல, அவங்கப்பா ஜெர்மன்னு வாக்கியத்தோட கடைசியில வந்தாலும் அது அதேதான், கேப்பிடல் போட்டே ஆகணும். இதை வீடியோவுல பாடம் எடுக்கற சார் நாலு உதாரணத்துல முடிச்சிடறாரு, இழுக்கல.

எனக்கு ஒரு குறை என்னன்னா, தமிழ் பேசற ஆளுங்களுக்குன்னே எடுத்த கோர்ஸ்ல நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணை எடுத்துக் காட்டாம விட்டுட்டாங்க. நாமளும் இதைப் பண்றோம்ல, சீனா அரசுன்னு எழுதறதில்ல சீன அரசுன்னு எழுதறோம், அமெரிக்காங்கறது அமெரிக்க ஆகுது, ரஷ்யாங்கறது ரஷ்ய ஆகுது, கடைசி நெடிலைக் குறிலாக்கிட்டா வேலை முடிஞ்சுது. பேரை அப்படியே இன்னொரு சொல்லு முன்னாடி நிறுத்தாம கொஞ்சம் வெட்டி ஒட்டணும்ங்கற உணர்வு நமக்குப் பழக்கம்தான். நம்மகிட்ட இல்லாதது கேப்பிடல் மட்டும்தான், நம்ம எழுத்துல பெருசு சின்னதுன்னு ஒண்ணே கிடையாது, அதனால இந்தியன்ங்கற அட்ஜெக்டிவை ஸ்மால் லெட்டர்ல எழுதினா நம்ம கண்ணுக்கு எதுவும் உறுத்தாது, இங்கிலீஷ் படிச்சு வளந்தவன் கண்ணுக்கு உடனே உறுத்தும். இந்த ஒரு நிமிஷ விளக்கம் இருந்திருந்தா பாதிப் பேருக்கு மீதி யூனிட்டே தேவைப்பட்டிருக்காது.

இன்னொண்ணும் சொல்லிருக்கலாம், இது உலகத்துப் பொது விதியெல்லாம் இல்ல. ஃப்ரெஞ்சுலயும் ஸ்பானிஷ்லயும் நாட்டைக் குறிக்கற அட்ஜெக்டிவ்கள ஸ்மால் லெட்டர்லதான் எழுதுவாங்க. ஜெர்மன்ல இன்னும் வேடிக்கை, மேசை நாற்காலின்னு சாதாரண நவுன் எல்லாத்துக்கும் கேப்பிடல் போடுவாங்க, ஆனா ஜெர்மன்ங்கற அட்ஜெக்டிவை ஸ்மால்ல எழுதுவாங்க. அப்போ இது இங்கிலீஷ்காரங்க வெச்சுக்கிட்ட பழக்கம், லாஜிக் தேடினா கிடைக்காது, மனசுல ஏத்திக்க வேண்டியதுதான்.

அடுத்தது பின்னொட்டு சார்ட். இங்கதான் கோர்ஸ் நல்லா ஸ்கோர் பண்ணுது. அன், இயன்ல முடியறது ஒரு கூட்டம், அமெரிக்கன், ப்ரேசிலியன், நார்வீஜியன். ஈஸ்ல முடியறது ஒண்ணு, ஜாப்பனீஸ், போர்ச்சுகீஸ், வியட்னமீஸ், மால்டீஸ். இஷ் போட்டா ஸ்பானிஷ், டர்கிஷ், ஃபின்னிஷ், டேனிஷ். ஈ-ன்னு முடியறது இராக்கி, இஸ்ரேலி, பாகிஸ்தானி. இக்-ல முடியறது ஐஸ்லாண்டிக். எதுலயும் சேராத தறுதலைகள் தனியா, டச், ஸ்விஸ், க்ரீக், தாய், செக். எந்த நாட்டுக்கு எந்த ஒட்டு வரும்னு சொல்ற விதி எதுவும் இல்ல, கேட்டுக் கேட்டுத்தான் வரணும்னு சார் ஒளிக்காம சொல்லிடறாரு, அந்த நேர்மை பிடிச்சிருந்தது. நெதர்லாண்ட்ஸ்னு பேரு இருக்க டச்சுன்னு எப்படி வந்துச்சுன்னு கேட்டா அது தனி வரலாறு, அதுக்குள்ள போகாம விட்டதும் நல்லதுதான்.

சார்ட்டை விட ஆடியோ இன்னும் அருமை. இந்த யூனிட்டுக்காக இந்தக் கோர்ஸை யாருக்காவது ரெக்கமெண்ட் பண்ணணும்னா நான் இந்த ஆடியோவைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு நாட்டுப் பேரையும் அட்ஜெக்டிவையும் பக்கத்துல பக்கத்துல சொல்ல வெச்சிருக்காங்க, அழுத்தம் எங்க விழுதுன்னு காதுலயே தெரியும். கனடாங்கறப்போ முதல் அசையில அழுத்தம், கனேடியன்ங்கறப்போ அது ரெண்டாவது அசைக்குப் போயிடுது, கூடவே உயிரோசையும் மாறிடுது. இட்டலி, இட்டாலியன்லயும் அதே கதை. ஜப்பான்ல ரெண்டாவது அசை, ஜாப்பனீஸ்ல கடைசி அசை. எழுத்தை மட்டும் பாத்துப் படிச்சா இதெல்லாம் பிடிபடவே பிடிபடாது, நம்ம ஆளுங்க நிறைய பேரு கனடியன்னு நாட்டுப் பேரோட அழுத்தத்தையே வெச்சு இழுப்போம். இன்னும் நுணுக்கமா ஒண்ணு பண்ணிருக்காங்க, சைனீஸ்னு தனியா சொன்னா கடைசி அசையில அழுத்தம் விழும், அதே சைனீஸுக்குப் பின்னாடி ஒரு நவுன் வந்தா, சைனீஸ் புக்னு வெச்சுக்கங்க, அழுத்தம் நழுவி முன்னாடி வந்துடும். அதையும் ரெண்டு விதமா பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. இதை யோசிச்ச ஆளு யாரோ தெரியல, நல்லா இருக்கட்டும்.

அதே ஆடியோல இங்கிலீஷ் டீச்சர்னு ஒரு ஜோடி இருக்கு, ரெண்டு தரம் சொல்றாங்க. இங்கிலீஷ்ங்கறதுல அழுத்தம் விழுந்தா இங்கிலீஷ் பாடம் எடுக்கற டீச்சர், டீச்சர்ங்கறதுல விழுந்தா இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு டீச்சர், அவங்க கணக்கு கூட எடுக்கலாம். எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுலயும் கேப்பிடல்தான். முதல்ல வர்ற இங்கிலீஷ் உண்மையில மொழியோட பேரு, அதாவது நவுன், இன்னொரு நவுனுக்கு முன்னாடி நிக்குது, ரெண்டாவதுதான் அசல் ப்ராப்பர் அட்ஜெக்டிவ்.

சரி, இப்போ திட்டு. இந்த யூனிட்டோட முக்கியப் பாடமே கேப்பிடல் போடணும்ங்கறதுதான், இல்லையா. குவிஸ்ல கோடிட்ட இடத்தை டைப் பண்ணி நிரப்பணும். ஐ லைக் டேஷ் மியூசிக், அடைப்புக்குள்ள இட்டலின்னு குடுத்திருக்காங்க. நான் வேணும்னே எல்லாமே ஸ்மால் லெட்டர்ல இட்டாலியன்னு அடிச்சேன். பச்சை டிக், கூடவே சூப்பர்னு ஒரு பலூன் பறக்குது. அடுத்த கேள்வியில எல்லாமே கேப்பிடல்ல அடிச்சேன், அதுக்கும் பலூன். விடையை ஒப்பிடும்போது கேப்பிடல் ஸ்மால் வித்தியாசத்தையே அந்த சாஃப்ட்வேர் பாக்கறதில்ல. வேற எந்த யூனிட்டா இருந்தாலும் இதை நான் கண்டுக்க மாட்டேன், வெர்ப் யூனிட்ல யாரு கேப்பிடல் பாக்கப் போறா, ஆனா கேப்பிடலுக்காகவே ஒரு யூனிட்டை வெச்சுட்டு அதையே திருத்தாம விட்டா அப்புறம் குவிஸ் எதுக்குங்க.

ஃபோன்ல படிக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல், கீபோர்டே கேப்பிடல் போட்டுத் தந்துடும். இங்கிலீஷ், இந்தியன்னு ஸ்மால்ல அடிச்சா அதுவா திருத்திடுது, நம்ம கை எதையும் கத்துக்கறதே இல்ல, அப்புறம் பேப்பர்ல பேனால எழுதும்போது பல்லிளிக்குது. அதோட கீபோர்டு எல்லாத்தையும் திருத்தாது. போலந்து நாட்டுக்கான அட்ஜெக்டிவை எடுத்துக்கங்க, கேப்பிடல் போட்டா போலிஷ், போடலைன்னா ஷூவுக்குப் போடற பாலிஷ். எழுத்து ஒண்ணு, உச்சரிப்பே வேற. ஸ்மால்ல அடிச்சாலும் அது சரியான சொல்லுதான்ங்கறதால மெஷின் அதைத் தொடாது. கேப்பிடல் ஏன் முக்கியம்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, இது கோர்ஸ்ல எங்கயுமே இல்ல. கத்துக்கணும்னா குவிஸ் எழுதறப்போ ஆட்டோ கரெக்டையும் ஆட்டோ கேப்பிடலையும் ஆஃப் பண்ணிட்டு எழுதுங்க, இல்லாட்டி விடையை நோட்ல எழுதி நீங்களே சரி பாத்துக்கங்க.

ரெண்டாவது பாதியோட பெரிய கோளாறு, எப்பவும் கேப்பிடல், விதிவிலக்கே கிடையாதுன்னு சார் அடிச்சு சொல்றாரு. கிடையாதா? டிராகோனியன்னு ஒரு சொல்லு, ரொம்பக் கொடுமையான சட்டத்துக்கு சொல்லுவாங்க, கிறிஸ்து பிறக்கறதுக்கு 600 வருஷத்துக்கும் முன்னாடி ஏதென்ஸ்ல சட்டம் எழுதின டிராகோங்கற ஆளோட பேர்ல இருந்து வந்தது. இன்னைக்கு அதைப் பெரும்பாலும் ஸ்மால் லெட்டர்லதான் எழுதறாங்க. டான் கீஹோட்டேங்கற கதாபாத்திரத்துல இருந்து வந்த குவிக்ஸாட்டிக் அதே மாதிரி. பேரு வந்த இடத்தை மறந்து சொல்லு தன்பாட்டுக்கு வாழ ஆரம்பிச்சா கேப்பிடல் மெல்ல உதிர்ந்துடும், அதான் நடக்கறது.

சில சொல்லுல ரெண்டும் உண்டு, அர்த்தம் மாறும். ஸ்பார்ட்டன் கேப்பிடல் போட்டா ஸ்பார்ட்டா நகரத்தோடது, ஸ்மால்ல எழுதினா எந்த வசதியும் இல்லாத மொட்டையான ரூம், வாழ்க்கை, அந்த மாதிரி. பிளேட்டானிக் கேப்பிடல்ல இருந்தா பிளேட்டோவோட தத்துவம் சம்பந்தப்பட்டது, ஸ்மால்ல இருந்தா காமம் கலக்காத பழக்கம். ஹெர்குலியன், டைட்டானிக், பைசாண்டைன் எல்லாமே இந்தக் கூட்டம்தான். குவிஸ்ல வெனீஷியன் பிளைண்ட்ஸ்னு ஒரு கேள்வி, சாய்ஸ் குடுத்து டிக் பண்ண வெக்கறது, ஸ்மால் லெட்டர்ல இருக்கறதைத் தொட்டா தப்புன்னு செவப்பு. ஆனா பல டிக்‌ஷனரியிலயும் ஸ்டைல் கைடுலயும் அது ஸ்மால்லதான் இருக்கு. ஜன்னல்ல தொங்கற அந்த பட்டைத் திரைக்கும் வெனிஸ் ஊருக்கும் இப்போ என்ன சம்பந்தம். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், ரோமன் நியூமரல் எல்லாம் இதே இழுபறி, ஒருத்தர் கேப்பிடல்னுவாங்க, இன்னொருத்தர் ஸ்மால்னுவாங்க, ரெண்டும் சரி. ரெண்டும் சரியா இருக்கற ஒண்ணை எடுத்து செவப்பு போட்டு மார்க்கை வெட்டறதுதான் எனக்குக் கோவம். நான் என்ன பண்ணுவேன்னா, ஒரு டிக்‌ஷனரியைப் பிடிச்சுக்குவேன், அதுல எப்படி இருக்கோ அப்படி, ஒரு கட்டுரைக்குள்ள முதல் பக்கத்துல ஒரு மாதிரி கடைசிப் பக்கத்துல ஒரு மாதிரி இல்லாம பாத்துக்குவேன், அவ்ளோதான்.

சயின்ஸ் படிக்கறவங்களுக்கு இது இன்னும் குழப்பம், கோர்ஸ்ல இதைத் தொடவே இல்ல. நார்வே கணித மேதை நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல், 1829-ல 26 வயசுல செத்துட்டாரு, அவர் பேர்ல வந்த அபீலியன் குரூப்பை கணக்குப் புத்தகங்கள்ல பெரும்பாலும் ஸ்மால்ல எழுதறாங்க. காஸ்ங்கற இன்னொரு கணித மேதை பேர்ல வந்த காஸியனுக்குக் கேப்பிடல். தத்துவ மேதை டேகார்ட் பேர்ல வந்த கார்ட்டீசியனுக்குக் கேப்பிடல். பாக்டீரியாவுக்கு சாயம் ஏத்திப் பாக்கற கிராம் ஸ்டெயின், ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம்ங்கற டென்மார்க்காரரோட பேரு, அதுல கேப்பிடல், ஆனா கிராம் நெகட்டிவ், கிராம் பாசிட்டிவ்னு அட்ஜெக்டிவா ஆனதும் நிறைய இடத்துல ஸ்மால். ப்ரோக்ராமிங் பண்றவங்க பூலியனை ஸ்மால்லயே அடிச்சுப் பழகிருப்பாங்க, அதுவும் ஜார்ஜ் பூல்ங்கற கணித மேதையோட பேருதான், கட்டுரையில எழுதினா கேப்பிடல். எப்பவும் கேப்பிடல்னு கத்துக்கிட்ட ஒருத்தர் இதையெல்லாம் பாத்தா புக்குல அச்சுப்பிழைன்னு நினைச்சுக்குவாங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா, அதுவும் கோர்ஸ்ல கோட்டை விட்டதுதான். எல்லா இடத்துலயும் அட்ஜெக்டிவா மாத்தணுமா? இங்கிலாந்து கேப்டன்னும் சொல்றாங்க, இங்கிலீஷ் கேப்டன்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணில்ல. முதல்ல சொன்னது இங்கிலாந்து டீமோட கேப்டன், அவர் அயர்லாந்துல பொறந்தவரா கூட இருக்கலாம். அயர்லாந்துல பொறந்த இயான் மார்கன் தலைமையிலதான் இங்கிலாந்து 2019 கிரிக்கெட் உலகக் கோப்பையை ஜெயிச்சுது. இங்கிலீஷ் கேப்டன்னா அந்த ஆளே இங்கிலாந்துக்காரர். அதே மாதிரி சைனீஸ் பாலிசின்னா சீனா போடற கொள்கை, சைனா பாலிசின்னா சீனாவைப் பத்தி இன்னொரு நாடு வெச்சிருக்கற கொள்கை, நியூஸ் படிக்கறப்போ இந்த வித்தியாசம் தெரியலைன்னா அர்த்தமே தலைகீழாயிடும். நவுனையே அப்படியே முன்னாடி நிறுத்தறதுக்கும் கேப்பிடல்தான், அதனால கேப்பிடல மட்டும் பாத்து ப்ராப்பர் அட்ஜெக்டிவ்னு முடிவு பண்ண முடியாது. இதுக்கு ஒரு வீடியோ போட்டிருக்கணும், ஒரு வரி கூட இல்ல.

இல்லாததோட விளைவு சார்ட்லயே தெரியுது, நியூசிலாந்துக்கு நேரா அட்ஜெக்டிவ் கட்டத்துல நியூசிலாந்தர்னு போட்டிருக்காங்க. அது ஆளைக் குறிக்கற நவுன். நியூசிலாந்து டீம்னுதான் சொல்லணும், அந்த நாட்டுக்குத் தனியா அட்ஜெக்டிவ் புழக்கத்துல இல்ல, பேரே அந்த வேலையையும் பாத்துக்குது. கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு எதையாவது போட்டு ரொப்பிருக்காங்க. யூனைட்டட் ஸ்டேட்ஸுக்கும் இதே பஞ்சாயத்துதான், அந்தப் பேர்ல இருந்து அட்ஜெக்டிவ் எடுக்க வழியில்லாம அமெரிக்கன்னு கண்டத்தோட பேரையே எடுத்துக்கிட்டாங்க, தென் அமெரிக்காவுல இருக்கறவங்க அதுக்கு முணுமுணுக்கறது தனிக்கதை.

ஆளுக்கும் அட்ஜெக்டிவுக்கும் வேற வேற சொல்லு இருக்கற நாடுகளைப் பத்தி மட்டும் உருப்படியா ஒரு ஸ்லைடு இருக்கு. ஸ்பானிஷ் அட்ஜெக்டிவ், ஆளு ஸ்பேனியார்ட். போலிஷ், ஆளு போல். டேனிஷ், ஆளு டேன். ஸ்வீடிஷ், ஆளு ஸ்வீட். டர்கிஷ், ஆளு டர்க். ஈஸ்ல முடியறதுக்கு பன்மை ஒட்டே வராது, ரெண்டு ஜாப்பனீஸ்னுதான் வரும். இதே ஸ்லைடுல அரப், அராபிக், அரேபியன் மூணையும் பிரிச்சுக் காட்டினது சபாஷ். மக்கள், நாடுகள், அரசியல் பேசினா அரப், மொழி, எழுத்து, இலக்கியம்னா அராபிக், நிலப்பரப்பு, பாலைவனம், குதிரைன்னா அரேபியன். நம்ம ஆளுங்க அராபிக் கண்ட்ரீஸ்னு எழுதறது ரொம்ப சகஜம், அரப் கண்ட்ரீஸ்னு எழுதணும். ஸ்காட்லாந்துக்கு ஸ்காட்டிஷ்னு எழுதுங்க, ஸ்காட்ச்னா விஸ்கி மாதிரி சிலதுக்கு மட்டும்தான், ஆளைப் பாத்து அப்படிச் சொன்னா அங்க ரசிக்க மாட்டாங்க.

மரியாதைன்னு வந்தாச்சு, அதே சார்ட்ல ஓரியண்டல்னு ஒரு சொல்லு எந்தக் குறிப்பும் இல்லாம உக்காந்திருக்கு. கார்ப்பெட்டுக்குச் சொன்னா பரவால்ல, மனுஷங்களுக்குச் சொல்லக் கூடாது, அமெரிக்காவுல 2016-ல சட்டமே போட்டு மத்திய அரசு சட்டங்கள்ல இருந்த அந்தச் சொல்லை எடுத்துட்டாங்க. ஏசியன்னு சொன்னாலே போதும். வெளிநாட்டு ஆளுங்களுக்கு மெயில் எழுதறதுக்காகத்தான் பாதிப் பேரு இந்தக் கோர்ஸ்ல சேர்றாங்க, இதைச் சொல்லாம விடலாமா.

ஆர்ட்டிகிள் விஷயத்துல ஸ்லைடுலயே தப்பு. ஆன் யுக்ரேனியன் சிட்டின்னு பெருசா போட்டிருக்காங்க. உயிரெழுத்துல ஆரம்பிக்குதுன்னு ஆன் போட்டுட்டாங்க, ஆனா ஓசை யு-ன்னு, அது ய் சத்தத்துல ஆரம்பிக்குது, அதனால ஏ யுக்ரேனியன்தான். ஏ யூரோப்பியன், ஏ யுகாண்டன் எல்லாம் அப்படித்தான். ஆனா உஸ்பெக்குக்கு ஆன் வரும், அங்க சத்தம் நிஜமாவே உயிர். ஆடியோவுல இவ்ளோ கவனமா இருந்த டீம் ஸ்லைடுல இப்படி விட்டது ஆச்சரியம், ஆடியோ பண்ணினவங்ககிட்ட ஒரு தரம் காட்டிருந்தா கூட சொல்லிருப்பாங்க.

முன்னொட்டு பத்தி நல்லாத்தான் சொல்றாங்க, அன்-அமெரிக்கன், ப்ரீ-கொலம்பியன், சப்-சஹாரன்னு நடுவுல ஹைஃபன், முன்னொட்டு ஸ்மால், பேரு மட்டும் கேப்பிடல். இண்டோ-யூரோப்பியன், ஃப்ராங்கோ-ப்ரஷியன் மாதிரி ரெண்டு பேரு சேர்ந்தா ரெண்டுக்கும் கேப்பிடல். நிறைய அட்ஜெக்டிவ் வரிசையா வந்தா ப்ராப்பர் அட்ஜெக்டிவ் எங்க உக்காரும்ங்கறதுக்கும் ஒரு சின்ன வீடியோ இருக்கு, அபிப்பிராயம், அளவு, வயசு, நிறம் எல்லாம் முடிஞ்சு அப்புறம் ஊர் பேரு, அதுக்கப்புறம் எதால செஞ்சதுங்கறது. அழகான பழைய இட்டாலியன் லெதர் பேக்னு வரும், இட்டாலியன் பழைய பேக்னு வந்தா காதுல இடிக்கும். ஊர் பேருக்கு முன்னாடி கமா போடக் கூடாதுங்கறதையும் சேத்து சொல்லிருந்தா முழுசா இருந்திருக்கும், எ பியூட்டிஃபுல் பெர்ஷியன் கார்ப்பெட், கமா இல்ல.

பிடிஎஃப்ல கடைசியா ஒரு போனஸ் பக்கம் இருக்கு, யாரும் அது வரைக்கும் போக மாட்டாங்கன்னு நினைக்கறேன், தயவு செஞ்சு போங்க. பேரும் அட்ஜெக்டிவும் ஒட்டவே ஒட்டாத ஆசாமிங்க எல்லாம் அங்க இருக்காங்க. மான்செஸ்டருக்கு மான்குனியன், லத்தீன் பேர்ல இருந்து வந்தது. நேப்பிள்ஸுக்கு நியபாலிட்டன், அந்த ஊரோட பழைய கிரேக்கப் பேரு நியாபோலிஸ். லிவர்பூலுக்கு லிவர்பட்லியன், பூல்னா குளம்ல, அதைக் கிண்டலா பட்டில், அதாவது தண்ணி தேங்கின சின்னக் குட்டைன்னு ஆக்கிட்டாங்க, பட்டப்பேரே நிலைச்சுப் போச்சு. கிளாஸ்கோவுக்கு கிளாஸ்வீஜியன், நார்வீஜியனைப் பாத்துப் போட்ட சூடு. பெர்னார்ட் ஷாவுக்கு ஷேவியன், ஷாவோட பேரை லத்தீன் மாதிரி ஆக்கி அதுல இருந்து எடுத்தது. முதலாம் ஜேம்ஸ் ராஜா காலத்துக்கு ஜேக்கோபியன், ஜேம்ஸுக்கு லத்தீன்ல ஜேக்கோபஸ். நைஜீரியாவுக்கு நைஜீரியன், பக்கத்துலயே இருக்கற நைஜர் நாட்டுக்கு நைஜீரியென், ஒரு எழுத்துதான் வித்தியாசம், எத்தனை நியூஸ்ல இதைத் தப்பா பாத்திருக்கேன்.

ஜார்ஜியன்ங்கறதும் அந்தப் பக்கத்துல ஒரு ஓரமா இருக்கு, அது ஒண்ணே மூணு வேலை பாக்குது. ஜார்ஜியா நாட்டுக்காரர், அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துக்காரர், அப்புறம் 1714-லேர்ந்து 1830 வரைக்கும் இங்கிலாந்துல வரிசையா ஆண்ட நாலு ஜார்ஜ் ராஜாக்கள் காலத்துக் கட்டடம். ஜார்ஜியன் ஹவுஸ்னு மட்டும் எழுதினா எந்த ஜார்ஜியான்னு படிக்கறவங்க தலையைப் பிச்சுக்கணும், சுத்தி இருக்கற வாக்கியத்தைப் பாத்துத்தான் பிடிக்கணும். விக்டோரியன்கூட அப்படித்தான், ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல இருக்கறவரும் விக்டோரியன்தான்.

குவிஸ் கேப்பிடலைப் பாக்காததையும், அந்த யுக்ரேனியனையும், நியூசிலாந்தரையும் சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன். மரியாதையா பதில் வந்துச்சு, யுக்ரேனியன் ஸ்லைடை மாத்திட்டாங்க, நியூசிலாந்து கட்டத்தையும் திருத்திட்டாங்க. குவிஸைத் திருத்தினா மொத்த கோர்ஸ்லயும் எல்லா விடையும் மாறிடும், ஒரு யூனிட்டுக்கு மட்டும் தனியா பண்ண முடியாதுன்னு சொல்றாங்க. வெனீஷியன் பிளைண்ட்ஸ் பத்திக் கேட்டதுக்கு எங்க சிலபஸ்படி கேப்பிடல்தான் சரின்னு ஒரு வரி. சிலபஸ்படின்னா சரி, அது அவங்க வீட்டு ரூல், ஆனா அதை வீடியோவுல சொல்லிட்டு செவப்பு போடுங்க.

ஸ்டார் போடச் சொன்னா ஆடியோவுக்கும் போனஸ் பக்கத்துக்கும் 5-க்கு 5, விளக்க வீடியோவுக்கு 3, குவிஸுக்கு 1, அந்த ஒண்ணும் பலூனுக்காக. அடிப்படையே தெரியாம ஆரம்பிக்கறவங்க தாராளமா எடுக்கலாம், முதல் பாதி உங்களுக்குத்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கறவங்களுக்கும் இந்த எப்பவும் கேப்பிடல் விதி பெரும்பாலும் கைகொடுக்கும், அந்த மாதிரி பேப்பர்ல ஸ்பார்ட்டனையும் அபீலியனையும் அதிகம் கேக்க மாட்டாங்க. எடிட்டிங், மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், ஆராய்ச்சிக் கட்டுரைன்னு வேலை பாக்கறவங்க இந்த யூனிட்டுக்காக வாங்காதீங்க, ஒரு நல்ல டிக்‌ஷனரியில அந்தந்த சொல்லுக்குக் கீழ பெரும்பாலும் கேப்பிடல்னு ஒரு சின்னக் குறிப்பு இருக்கும் பாருங்க, உங்களுக்கு வேண்டியது அங்க இருக்கு. ஃப்ரீ ட்ரையல்ல ஆடியோ ஃபுல்லா திறக்குது, வீடியோதான் பூட்டு, அதனால காசு கட்றதுக்கு முன்னாடி ஆடியோவை மட்டும் ஹெட்ஃபோன் போட்டு கேட்டு முடிச்சிடுங்க.